முதல் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வேலூரில் குறிசுடப் பழகுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குறிசுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் கையில் துப்பாக்கியோடுதான் வருகிறார்கள். போன கோடையில் ஆற்காட்டில் இருந்து ஒருவர் பத்தாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேஸைத் திறந்தால் உள்ளே ஸ்கோப் மாட்டிய முரட்டு ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள். அந்தப் பெண்ணால் குழலை மடக்கி லோடு செய்யவே முடியவில்லை. போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை என்று சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சரி சார், இதுல கௌதாரியாவது விழுமா?"

துப்பாக்கி கெட்டது இல்லை. அவர் வாங்கிய வரிசைதான் தப்பு. துப்பாக்கியை வாங்கிவிட்டு அதற்கு ஒரு வேலையைத் தேடினார். இந்த வழிகாட்டியில் துப்பாக்கி கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. வேட்டையைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் .22 ரைஃபிள் என்றாலே குறிபார்த்தல் பாதி, முயல் வேட்டை பாதி என்று பேசுவார்கள். அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. காட்டு முயல், கௌதாரி, காடை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அமிர்தி காடானாலும் சரி, சொந்தக் கடலைக் கொல்லையானாலும் சரி, ஏர் கன்னால் சுட்டாலும் வேட்டை வேட்டைதான். கேஸ் ஆகிவிட்டால் ஆயுத லைசென்ஸ் கிடைக்கும் வழியும் அடைபடும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல. 'ரெண்டுக்கும் ஆகும்' என்று தேடுபவர் வேகமும் பலமும் அதிகமான துப்பாக்கியைத்தான் எடுப்பார். குறிசுடுதலுக்கு அந்தப் பலமே இடைஞ்சல். அட்டையில் ஓட்டை போட அதிகச் சக்தி தேவையில்லை. சக்தி கூடினால் உதறல் கூடும், உதறல் கூடினால் குறி சிதறும்.

2. .22 என்ற எண் இரண்டு பொருள்களைக் குறிக்கும்

இதில் குழம்பாதவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஏர் ரைஃபிளில் .22 என்றால் 5.5 மி.மீ. ஈயப் பெல்லட். அழுத்தமான காற்று அதைத் தள்ளும். ரிம்ஃபயர் ரைஃபிளில் .22 என்றால் வெடிமருந்து உள்ள தோட்டா. முழுப் பெயர் .22 லாங் ரைஃபிள், சுருக்கமாக .22 எல்.ஆர். அதன் அடிவிளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான்.

எண்களாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பத்து மீட்டர் போட்டி ஏர் ரைஃபிள் அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும். சக்தி ஏறக்குறைய 7.5 ஜூல். .22 எல்.ஆர். தோட்டா 2.6 கிராம் குண்டை நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் அனுப்பும். சக்தி 135 ஜூலைத் தாண்டும். மேல்நோக்கிச் சுட்டால் அந்தக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். பாலாற்று மணலில் நின்று 'சும்மா ஒண்ணு' சுட்டால் எதிர்க்கரை ஊருக்குள் போய் விழக்கூடும்.

சட்டமும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு, அதாவது .177க்கு, மேல் போகாமலும் சக்தி 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிந்துகொண்டு கொடுப்பார்கள். இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே 5.5 மி.மீ. ஏர் ரைஃபிளை 'காத்துத் துப்பாக்கிதானே' என்று கைமாற்றாக வாங்கிவிடாதீர்கள். போட்டியில் அதற்கு வேலையும் இல்லை, பத்து மீட்டருக்கு 4.5 மட்டும்தான்.

3. சுடும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏர் ரைஃபிள் சுடும் பத்து மீட்டர் ரேஞ்ச் என்பது நீளமான ஒரு ஹால். வெளிச்சமும் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியும் இருந்தால் போதும். .22 சுடும் ஐம்பது மீட்டர் ரேஞ்சுக்குத் திறந்த நிலம், மண்மேடு, பக்கச் சுவர், அனுமதி எல்லாம் வேண்டும். அதனால் முன்னது சின்ன ஊர்களிலும் கிடைக்கும், பின்னது தேடித்தான் போக வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு 140 கிலோமீட்டர். மாதம் இரண்டு ஞாயிறு போய்வர முடிந்தால் அதிகம். அந்த இரண்டு ஞாயிறுக்காகச் சொந்தமாக .22 வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். கிளப் ரைஃபிளிலேயே சுட்டுவிட்டு வரலாம்.

கிளப்பில் சேரும் முன் இவற்றைக் கேளுங்கள். மாநிலச் சங்கத்தோடும் இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தோடும் இணைப்பு உண்டா? இல்லாவிட்டால் போட்டிக்கும் பிறகு லைசென்ஸுக்கும் அந்த உறுப்பினர் அட்டை உதவாது. ஏர் ரைஃபிள் உருளையில் காற்று நிரப்பக் கம்ப்ரஸர் இருக்கிறதா? இது இல்லாத கிளப்பை நம்பி விலையுயர்ந்த ஏர் ரைஃபிள் வாங்கியவர்கள் காற்றுக்காகவே பஸ் ஏறுகிறார்கள். இடக்கைக்காரர் சுட ரைஃபிள் உண்டா? ஐம்பது மீட்டர் எந்தெந்த நாளில் திறப்பார்கள்?

4. மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள்

பொறுமை சோதிக்கும் படி இதுதான். ஆனால் இதைத் தாண்டியவர்களிடம் தப்பான துப்பாக்கியைப் பார்த்ததே இல்லை.

முதல் மாதத்தில் உங்கள் நிலையே தினம் மாறும். கால் அகலம், இடுப்புச் சாய்வு, தலை எங்கே சாய்கிறது எல்லாம் நிலைக்கு வர ஆறேழு வாரம் ஆகும். அதற்கு முன் ஸ்டாக்குக்கு, அதாவது தோளில் பதியும் கட்டைக்கு, அளவு எடுத்தால், இல்லாத உடம்புக்குச் சட்டை தைத்த கதைதான். வளரும் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். பதினான்கு வயதுப் பையன் ஒரு மழைக்காலத்துக்குள் நான்கு விரல் உயர்ந்துவிடுவான்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ரைஃபிள், எத்தனை கிலோ, எத்தனையாவது ஷாட்டில் கை நடுங்க ஆரம்பித்தது, எங்கே வலித்தது. வாங்கும் நாளில் கடைக்காரர் பேச்சை விட இந்த நோட்டுதான் உதவும்.

கூடவே எந்தக் கண் உங்களுடைய ஆதிக்கக் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக் கண் ஆதிக்கமாக இருந்தால் அந்தக் கண் பக்கம் சின்ன மறைப்பு ஒட்டிப் பழகலாம், இல்லை இடப்பக்கத்துக்கே மாறலாம். இதைத் துப்பாக்கி வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. வலக்கை ஸ்டாக்கைத் திருப்பி மாட்ட வழியில்லை.

5. உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

குழலும் கம்பெனியும் பிறகு. ஸ்டாக் பொருந்தாத நல்ல துப்பாக்கி, ஸ்டாக் பொருந்திய சுமாரான துப்பாக்கியிடம் தோற்கும். காரணம் எளிது. பொருந்தாத ஸ்டாக்கை ஒவ்வொரு ஷாட்டிலும் தசையால் இழுத்துப் பிடிக்க வேண்டும், தசை அறுபது ஷாட்டுக்கு ஒரே மாதிரி இழுக்காது.

முதல் சோதனை: கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்து, வசதியானதும் கண்ணைத் திறங்கள். குறிபார்க்கும் பின் சைட்டின் துளையும் முன் சைட்டின் வளையமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். மேலோ கீழோ தெரிந்தால், ஸ்டாக்கில் கன்னம் பதியும் கன்னத் துண்டின் உயரம் சரியில்லை. கழுத்தை வளைத்து நேராக்கிக்கொள்ளாதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. நேராக்க வேண்டியது கன்னத் துண்டை.

இரண்டாவது, நீளம். முழங்கையை மடக்கி, உள்மடிப்பில் இருந்து ஆட்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்தால் ட்ரிக்கரில் இருந்து தோளில் அமரும் பட் தகடு வரை எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். ட்ரிக்கரில் விரல் நேர்ப் பின்னாக இழுக்க வேண்டும். விரல் குறுக்காகத் தொட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் குழல் ஒரு மயிரிழை பக்கவாட்டில் போகும். பத்து மீட்டர் அட்டையில் பத்து ரிங், அதாவது பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி, அரை மி.மீ. தான், பேனா முனை அளவு. மயிரிழைக்கும் அங்கே விலை உண்டு.

மூன்றாவது, எடை. விதிப்படி பத்து மீட்டர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதற்காக அந்த எடையில்தான் வேண்டும் என்றில்லை. மெலிந்த பிள்ளைகளுக்கு 3.5இல் இருந்து 4 கிலோ போதும். எடை கூடினால் ஆட்டம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது முதல் இருபது ஷாட்டில். நாற்பதாவது ஷாட்டில் இடுப்பு பதில் சொல்லும்.

கன்னத் துண்டும் பட் தகடும் ஏற்றி இறக்க, நீட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மரமா அலுமினியமா என்பதெல்லாம் கண்ணுக்குத்தான்.

6. ஏர் ரைஃபிள்: ஸ்ப்ரிங்கா, அடைத்த காற்றா

என் கணக்கில் வேலூரில் பழக ஆரம்பிக்கும் யாருக்கும் முதல் சொந்த ரைஃபிள் .177 ஏர் ரைஃபிள்தான். லைசென்ஸ் வேண்டாம், மழையிலும் உள்ளேயே சுடலாம், ஒரு பெல்லட்டின் செலவு தோட்டாவோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. .22க்குப் போக நினைப்பவரும் ஓராண்டு இதில் ஓட்டிவிட்டுப் போவது நல்லது. பெல்லட் மெதுவாகக் குழலை விட்டுப் போகிறது, அதுவரை நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் .22இல் வட்டியோடு திரும்பி வரும்.

ஸ்ப்ரிங் வகையில் குழலையோ பக்க நெம்புகோலையோ இழுத்தால் சுருள் அழுந்தும், விட்டால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும். விலை குறைவு, காற்று நிரப்பும் தொல்லை இல்லை. ஆனால் பெல்லட் குழலில் இருக்கும்போதே உள்ளே பிஸ்டன் ஓடுவதால் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்தினால் இன்னொரு இடம் என்று குறி மாறும். இதற்குச் செய்யாத ஸ்கோப்பை மாட்டினால் அந்த இரட்டை உதறலில் அதுவும் உடையும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கக் கூடாது. பிஸ்டனுக்கு முன்னால் தடை இல்லாமல் போய் மோதி சீல் கிழிந்துவிடும்.

அடைத்த காற்று வகையை எல்லோரும் பி.சி.பி. என்பார்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய உருளை, கிட்டத்தட்ட உதறலே இல்லை. போட்டிக்கு இதுதான். இந்தியத் தயாரிப்பில் ப்ரெசிஹோல் பி.சி.பி. பத்து மீட்டர் ரைஃபிள் செய்கிறது. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் போன்றவை ஜெர்மனியில் இருந்து வருபவை. பணம் இருக்கிறது என்று நேராக ஜெர்மன் துப்பாக்கிக்குப் போகாதீர்கள். அருகில் அதற்கு உதிரி மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய பி.சி.பி. வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது உருளையில் பொறித்த தேதி. இந்த உருளைகளுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். நான் முதலில் வாங்கியதில் குழலைப் பார்த்தேன், ட்ரிக்கரைப் பார்த்தேன், ஸ்டாக்கில் கீறலை எண்ணிப் பேரம் பேசினேன், தேதியைப் பார்க்கவில்லை. முதல் போட்டியில் சோதனை மேசையில் இருந்தவர் உருளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். புது உருளை வாங்கிய காசில் பேரத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் போயிற்று.

சைட் பற்றி ஒன்று. போட்டியில் பின்னால் சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட், முன்னால் வளையம். துளைக்குப் பதில் வெட்டு உள்ள ஓபன் சைட்டுக்குச் சில போட்டிகளில் தனிப் பிரிவு இருக்கலாம், எதில் இறங்கப் போகிறீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குங்கள். முன் வளையத்தில் சின்னதைத்தான் புதியவர்கள் கேட்பார்கள், சின்னதென்றால் துல்லியம் என்ற நினைப்பு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் நடுவில் இருக்கிறதா என்று கண் உடனே சொல்லும். 3.8இல் இருந்து 4.2 மி.மீ. வளையத்தில் ஆரம்பியுங்கள்.

7. .22க்குக் காகித வேலையை முதலில் முடியுங்கள்

சரி, ஓராண்டு ஆயிற்று, ஐம்பது மீட்டருக்கு ஆசை வந்துவிட்டது. இப்போதும் துப்பாக்கியைப் பார்க்கப் போகாதீர்கள். லைசென்ஸ் கைக்கு வரும் முன் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை அறிவேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13ஆவது பிரிவு, மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர் குறிப்பயிற்சிக்காகக் கேட்கும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிட்டு, உரிமம் கொடுக்க வேண்டியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. கிளப் உறுப்பினர் அட்டைக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான். தற்காப்பு என்று எழுதி .22 கேட்பவரை விட, மதிப்பெண் பட்டியலும் கிளப் கடிதமும் வைத்துக் கேட்பவருக்குப் பதில் சொல்வது அதிகாரிக்கும் எளிது.

விண்ணப்பம் ஆன்லைனில், படிவம் ஏ-1. வேலூர் மாவட்டத்தில் உரிமம் கொடுப்பவர் கலெக்டர், சத்துவாச்சாரி ஆபீஸ். போலீஸ் விசாரணை வீட்டுக்கு வரும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்து, வாலாஜாவிலும் ஆம்பூரிலும் இருப்பவர்கள் இன்னும் வேலூரில் வந்து விசாரிப்பதைப் பார்க்கிறேன். உங்கள் ஆதார் முகவரி ராணிப்பேட்டை மாவட்டமா திருப்பத்தூர் மாவட்டமா என்று பார்த்து அந்தக் கலெக்டரிடம் போங்கள்.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். 12 வயது முடிந்த இளையோர் பயிற்சியில் மேற்பார்வையோடு சுடலாம், சொந்தமாக வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்தாண்டுக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்தில் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பயிற்சியைத் திட்டமிட வேண்டும்.

ஒரு உபரித் தகவல். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி இருப்பவர்கள் விலக்கு கேட்கும் கடிதத்தைச் சங்கம் வழியாக முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

8. ரிம்ஃபயர் ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பது

போல்ட் ஆக்‌ஷன் எடுங்கள். போல்ட் என்பது கையால் இழுத்துத் திறந்து மூடும் பூட்டுத் தண்டு. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றி, கையால் பூட்டுவதால் பூட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இறுகும். ரேஞ்சில் போல்ட்டைத் திறந்து வைத்தால் துப்பாக்கி காலி என்பது பக்கத்து லேனில் இருப்பவருக்கும் தெரியும். அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பான .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிள், தோட்டாப் பெட்டியான மேகஸினோடு வரும் எளிய போல்ட் ரைஃபிள்; பழகுவதற்குப் போதும். போட்டி மதிப்பெண்ணுக்கு ஒற்றைத் தோட்டா ஏற்றும் கனமான குழல் ரைஃபிள் வேண்டும்.

குழல் நீளமாக இருந்தால் துல்லியம் என்பது தவறு. .22 எல்.ஆரில் மருந்து கொஞ்சம், நாற்பது சென்டிமீட்டருக்குள் அதன் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடும். நீளக் குழலின் லாபம் வேறு: முன் சைட்டும் பின் சைட்டும் தள்ளி இருக்கும், அதனால் குறிபார்க்கும் தப்பு குறையும்.

பழையது வாங்குவதானால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் துப்பாக்கியின் எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா? ஒரு எழுத்து மாறினாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பது: வரிப்பள்ளங்கள் கூர்மையாக, துருப்புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு குழல் வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, ஒரு பக்கம் நசுங்கி இருந்தால் குண்டு கோணலாகக் கிளம்பும். கடைசியில் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் உண்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ரிம்ஃபயரைத் தோட்டா இல்லாமல் அடித்துப் பழகியவர்கள் விட்டுப்போகும் அடையாளம் அது. தோட்டா இருந்தால் அதன் விளிம்பு ஊசிக்கு மெத்தையாக இருக்கும், இல்லாவிட்டால் ஊசி எஃகிலேயே குத்தும். அந்தப் பள்ளம் ஆழமானால் தோட்டா சரியாக வெடிக்காது.

9. துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், இதற்குத்தான் யாரும் கொடுப்பதில்லை. ரிம்ஃபயர் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது, தொழிற்சாலை கொடுத்ததுதான். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், ஏன் பிடிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நண்பரின் ரைஃபிளில் அபாரமாகப் போகும் விலையுயர்ந்த தோட்டா உங்களுடையதில் சிதறலாம்.

ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவையே எடுங்கள். பெட்டியில் ஹை வெலாசிட்டி என்று எழுதியதை விட்டுவிடுங்கள். காரணம் ஒலிவேகம். அது 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர், மே மாத வேலூரின் 40 டிகிரியில் ஏறக்குறைய 355. வேகத் தோட்டா 380இல் கிளம்பி, ஐம்பது மீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தடுமாறும். 325இல் கிளம்பும் குண்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

சோதனையை ரேஞ்சில், மணல் மூட்டையில் வைத்து, காற்று குறைந்த காலையில் செய்யுங்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி. எலி, எஸ்.கே., லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். இவற்றில் எது கிடைக்கிறதோ அது. வகை மாற்றியதும் முதல் பதினைந்து இருபது தோட்டாவைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றின் மெழுகும் வேறு, குழலில் பழைய மெழுகு போய்ப் புதியது படியும் வரை குறி அலையும். இதைத் தெரியாமல் நல்ல தோட்டாவை 'வேஸ்ட்' என்று தள்ளியவர்கள் அதிகம்.

பிறகு பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஐந்து ஷாட் குரூப் (அட்டையில் விழும் துளைக் கூட்டம்) அதிர்ஷ்டத்திலும் அமையும், அதை போனில் படம் எடுத்து அனுப்பி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். அளவுகோல் இது: ஐம்பது மீட்டர் அட்டையில் பத்து ரிங் 10.4 மி.மீ., குண்டு 5.6 மி.மீ., ரிங்கைத் தொட்டாலே பத்து. ஆகவே துளைகளின் வெளி விளிம்புகள் எல்லாம் 21 மி.மீ. வட்டத்துக்குள், நம் பத்து ரூபாய் நாணயத்தை விட நன்றாகவே சிறிய வட்டத்துக்குள், அடங்கினால் அந்தத் தோட்டா உங்களிடம் பத்துகளைக் கொடுக்கத் தயார். அடங்கிய பெட்டியின் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்ணைக் குறித்து, உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு அதே லாட்டில் வாங்குங்கள். பெயர் ஒன்றானாலும் லாட் மாறினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் போல்ட்டை உடனே திறக்காதீர்கள். குழலை அட்டைப் பக்கமே வைத்து முப்பது நொடி எண்ணுங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது அரிது, ஆனால் போல்ட்டைத் திறந்த நேரத்தில் பற்றினால் முகத்துக்கு நேரே.

ஏர் ரைஃபிளுக்கும் இதே பரிசோதனைதான், சின்ன அளவில். தட்டை முனைப் பெல்லட்டை மட்டும் எடுங்கள், அதுதான் அட்டையில் வட்டமாகத் துளை போடும். கூர்முனை அட்டையைக் கிழித்துவிட்டுப் போகும், மதிப்பெண் எண்ண முடியாது. 4.49, 4.50 என்று தலை அளவிலும் வித்தியாசம் உண்டு, இரண்டு மூன்று டப்பா வாங்கிப் பாருங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

வேலூர் வெயிலில் நிற்கும் காருக்குள் நிரம்பிய உருளையை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும், சீல்களும் கெடும். தோட்டாவும் அப்படித்தான், மெழுகு இளகிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துணி உறைக்குள் வைத்தால் குழல் துருப்பிடிக்கும். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பெட்டியிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பவர்கள் அதன் உள்பஞ்சு ஈரம் குடிப்பதைக் கவனிப்பதில்லை. வீட்டில் எண்ணெய்த் துணியால் துடைத்து இரும்பு அலமாரியில் பூட்டுங்கள், தோட்டா வேறு பூட்டில்.

.22 குழலைப் பின்பக்கம் இருந்து முன்பக்கமாக மட்டும் துடையுங்கள். வாய்ப் பக்கம் கம்பி விட்டால் முன்னே சொன்ன அந்த விளிம்புதான் தேயும். ஒவ்வொரு நாளும் பளபளவென்று துடைக்க வேண்டியதும் இல்லை.

வீட்டில் பத்து மீட்டர் பழகுவதானால் ஏர் ரைஃபிள் மட்டும், அதுவும் மூடிய இடத்தில். மாடியில் வேண்டாம், தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும், அடுத்த தெருவில் துணி காயப்போடுபவருக்கு உங்கள் விளையாட்டு தெரியாது. பலகையை நேராக வைத்துச் சுட்டால் பெல்லட் திரும்பி வரும். சாய்வாக வைத்த இரும்புத் தகடு உள்ள பெட்டி செய்யுங்கள், கண்ணாடி போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ. விரலில் இருப்பது ஈயம்.

சுடும் ஜாக்கெட், ஷூ, கையுறை எல்லாம் அளவு நிலைத்த பிறகு வாங்கலாம். மண்டியிட்டும் படுத்தும் சுட, ரைஃபிளைக் கையோடு சேர்த்துக் கட்டும் ஸ்லிங் வார் ஒன்று வேண்டும், அதற்கு மட்டும் வெளியூர் ஆர்டர் தேவையில்லை. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் வேலை தெரிந்தவரிடம் மாதிரியைக் காட்டினால் நம் கை அளவுக்கே தைத்துக் கொடுத்துவிடுவார். ஆற்காட்டு அப்பாவின் மகள் இப்போது கட்டியிருப்பது அப்படித் தைத்ததுதான். ரைஃபிள் இன்னும் கிளப்புடையது. அந்த ஸ்ப்ரிங் துப்பாக்கியை அவர் விற்கப் பார்க்கிறார், ஸ்கோப்போடு.